அங்காசாவான்: மலேசியாவின் ஒரே விண்பயணம்

மலேசியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டம் போர் விமானக் கொள்முதல் ஒன்றின் துணைவிளைவாகத் தோன்றியது. 2003இல் 18 சுகோய் விமானங்களை வாங்க அரசு உடன்பட்டபோது, அதற்கு ஈடான சலுகையாக, மலேசியர் ஒருவரைப் பயிற்றுவித்துப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ரஷ்யா இசைந்தது. விண்வெளி வீரரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘அங்காசாவான்’ இத்திட்டத்தின் பெயராயிற்று. கோலாலம்பூர் ஏரித் தோட்டக் குன்றிலுள்ள தேசியக் கோளரங்கத்தை உருவாக்கிய வானியற்பியலாளர் மஸ்லான் ஒத்மான், தேசிய விண்வெளி நிறுவனத்தின் தலைவராக இருந்து இதற்கு வழிகாட்டினார்.

விண்ணப்பித்த 11,000க்கும் மேற்பட்டோருள் உடற்திறன், மருத்துவ, உளவியல் சோதனைகளைக் கடந்து 2006இல் எஞ்சிய நால்வரில் ஒரே பெண், தமிழரான பொறியாளர் வனஜா சிவசுப்பிரமணியம் ஆவார். இறுதியில் எலும்பு மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுக்கோரும், அவருக்கு மாற்றாளாக இராணுவப் பல்மருத்துவர் ஃபாயிஸ் காலிட்டும் தெரிவாகி, மாஸ்கோவை அடுத்த விண்மீன் நகரில் பயிற்சி பெற்றனர். பயணத்துக்குரிய ரஷ்யச் சோயுஸ் கலம் தரையில் இறங்குவதாலும், குறியிடம் தவறினால் உறைபனிக் காட்டிலோ நீரிலோ விழ நேருமாதலாலும், உயிர்தப்பும் பயிற்சி அங்குக் கட்டாயம். வேகமாகச் சுழலும் மையவிலக்குப் பொறியோ, புறப்பாட்டிலும் இறக்கத்திலும் உடல் தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு அவர்களைப் பழக்கியது.

10 அக்டோபர் 2007 அன்று, ரமலான் நோன்பு மாதத்தில், முஸாஃபர் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டார். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும் நிலையத்தில் ஒரு நாளில் 16 சூரிய உதயங்கள் நிகழ்வதால், தொழுகை நேரத்தைப் புறப்பட்ட இடத்தின் நேரப்படி கணிக்கலாம் என மலேசிய மார்க்க அறிஞர்கள் முன்னரே வழிகாட்டியிருந்தனர். அங்கு அவர் புற்றணுக்கள், புரதப் படிகங்கள் முதலியவற்றைக் கொண்டு ஆய்வுகள் நடத்தினார்.

நாசா அவரை ‘விண்பயணப் பங்கேற்பாளர்’ என வகைப்படுத்தியதால், அவர் வீரரா, சுற்றுலாப் பயணியா என்ற சர்ச்சை எழுந்தது. ஆயினும் ஆபத்து அவ்வேறுபாட்டைப் பார்க்கவில்லை. 21 அக்டோபரில் திரும்பிய கலம், தாங்குவிசையால் இறக்கத்தை மட்டுப்படுத்தும் வழக்கமான முறையினின்று விலகி, எறிந்த கல்லைப் போலக் கூடுதல் சரிவில் இறங்கும் முறைக்கு மாறி, குறியிடத்துக்கு ஏறத்தாழ 340 கிலோமீட்டர் அப்பால் தரையிறங்கியது. இம்முறையில் உடல் தாங்கும் விசை, வழக்கமான 4 மடங்கு எடையிலிருந்து 8 மடங்குவரை உயரக்கூடும். கலத்திலிருந்த இரு ரஷ்ய வீரர்களும் மலேசியரும் அதை ஒன்றாகவே தாங்கினர்.

ஃபாயிஸ் காலிட்டுக்கு விண்பயண வாய்ப்பு அமையவில்லை. 2019இல் தேசிய விண்வெளி நிறுவனம் தொலையுணர்வு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு மலேசிய விண்வெளி நிறுவனமாயிற்று. வீரரை உருவாக்கும் பயிற்சிக்கூடமும் ஏவுகலமும் பிறநாட்டுடையனவாக இருந்தமையால், கொள்முதல் ஒப்பந்தம் தந்த இருக்கை நிறைந்ததும் விண்வெளி வீரர் தொழில் மலேசியாவில் வேரூன்றத் தளமின்றிப் போயிற்று.