கப்பல் புறப்படுமுன் கண்ட கொழும்பு

ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்கு நாடுகளுக்கும் சென்ற பெருங் கப்பல்கள் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுக் காலம் கொழும்பிலே தரித்துச் சென்றன. கப்பல் துறையில் நின்ற சில மணி நேரத்திலே பிரயாணிகள் கரையிறங்கி, வழிகாட்டி ஒருவன் முன்செல்ல நகரைச் சுற்றிப் பார்த்து, மாலையில் மீண்டும் கப்பலேறினர். இவ்வாறு வந்தோரிற் பலர் இலங்கையை அறிந்தது அச்சில மணி நேரத்தினாலேயே. ஆதலால் அந்த அரைநாள் உலா எவ்வாறு தோன்றியது, அது எதனைக் காட்டியது, எதனைக் காட்டாது விட்டது என்பன இந்நாட்டு வரலாற்றைச் சேர்ந்த வினாக்களாகும்.

கொழும்பு இயற்கையாக அமைந்த நல்ல துறைமுகமன்று. தென்மேற்குப் பருவக் காற்று, அதாவது ஈழத்துக் கடலோடிகள் சோளகம் என வழங்குங் காற்று, வீசத் தொடங்கினால் அங்கே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் பாதுகாப்பில்லை. அக்காரணத்தால் நீராவிக் கப்பல்கள் நெடுங்காலம் காலித் துறையையே நாடின. காலியிலும் பாறைகள் மிகுதி. 1869ஆம் ஆண்டிற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழ்த்திசைக் கப்பற் போக்குவரத்துப் பெருகிற்று. பெருகிய கப்பல்களுக்கு ஏற்ற துறை வேண்டியதாயிற்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி கொழும்பையே தேர்ந்தார். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டத்தின்படி, கடலுள் நீண்டு செல்லும் அலைத்தடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பத்தாண்டு வேலையின் பின் 1885இல் அச்சுவர் நிறைவுற்றது. மஹரக் கற்குழிகளிற் சிறைக் கைதிகள் உடைத்த கல்லும் அதனுட் கிடக்கிறது. சுவர் முடியுமுன்னரே, 1882இல், பீ அன்ட் ஓ கம்பனி தன் கப்பல்களைக் காலியிலிருந்து கொழும்புக்கு மாற்றிக்கொண்டது. காலியின் பெருமை அன்றோடு குன்றிற்று.

பிரயாணிகள் கரையிறங்கியமைக்கு ஊர் காணும் ஆசை மாத்திரம் காரணமன்று. கரியும் ஒரு காரணமாகும். கொழும்பு நீராவிக் கப்பல்களுக்குக் கரியூட்டும் துறை. கரி ஏற்றிய பாரப்படகுகள் கப்பலின் இருமருங்கும் அணைந்தவுடன் சாளரங்கள் அடைக்கப்படும்; கரித்தூள் தளமெங்கும் படியும். அவ்வேளையிற் கப்பலில் இருத்தல் பெருந் தொல்லை. எனவே தொழிலாளர் கரி சுமக்கும் நேரமே பிரயாணிகள் உலாவும் நேரமாயிற்று. ஒருவருடைய ஓய்வும் மற்றவருடைய உழைப்பும் ஒரே மணிக்கூட்டால் அளக்கப்பட்டன.

சிறு படகில் வந்து இறங்குதுறையில் அடி வைத்ததும் பிரயாணியின் கண்முன் நின்றது 1875இல் திறக்கப்பெற்ற கிராண்ட் ஓரியன்ரல் ஹோட்டல். அதன் வாயிலில் இரத்தினக்கல் விற்போரும், இரிக்சாக்காரரும், வழிகாட்டிகளும் சூழ்ந்துகொள்வர். அங்கிருந்து உலா புறப்படும். கோட்டையின் கடை வீதிகளைக் கடந்து, மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒன்றாயமைந்த கோபுரத்தை நோக்குவர். 1857இல் எழுந்த அக்கோபுரத்தை வரைந்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி உவார்டின் மனைவியார். அதே தேசாதிபதி 1859இல் ஒழுங்கு செய்து முடித்த காலிமுகத்திடல் அடுத்து வரும். கடற்காற்று வாங்கியபடி அதன் வழியே சென்று, 1864இல் தோன்றிய காலிமுக ஹோட்டலைப் பார்த்தபின், ஏரிக்கரையாகக் கறுவாத் தோட்டத்துக்குத் திரும்புவர். நேரம் மிகுந்தோர் கல்கிசைக்கோ களனி விகாரைக்கோ செல்வர். ஒரு முழுப் பகலும் உடையோர் 1867 முதல் ஓடிய கண்டிப் புகைவண்டியில் எழுபத்தைந்து மைல் மலையேறி மீள்வர்.

கறுவாத் தோட்டம் என்னும் பெயரைக் கேட்டு நறுமணத்தை எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். ஒல்லாந்தர் 1769இல் மருதானைப் பகுதியிற் கறுவாவைப் பயிரிடத் தொடங்கியது உண்மை. ஆனால் உலா செல்வோர் வந்த காலத்தில் அந்நிலத்திற் பெரும்பகுதி செல்வர் மாளிகைகளாக மாறிவிட்டது. அவர்கள் கடந்து வந்த ஏரியின் கரையிலே ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றும் தமிழிற் கொம்பனித் தெரு என்றும் வழங்கும் பகுதி உண்டு. ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. வண்டியிற் செல்பவனுக்கோ அது தென்னை நிழலாடும் நீர்ப்பரப்பு மாத்திரமே.

இவ்வாறு வந்தவர்களுள் உலகறிந்த எழுத்தாளரும் இருந்தனர். 1890ஆம் ஆண்டு நவம்பரில் அன்ரன் செக்கோவ் வந்தார். ரஷ்யரின் தண்டனைத் தீவாகிய சகலினிற் கைதிகளின் துயரை மாதக் கணக்கிற் கண்டு திரும்பியவர் அவர். அந்த நரகத்தைக் கண்ட கண்ணுக்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தம் கடிதமொன்றில் அவ்வாறே எழுதினார். 1896 சனவரி 13ஆம் நாள் மார்க் துவெய்ன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மறுநாள் வேறு கப்பலேறிப் பம்பாய் சென்றார். தெருவிற் சென்றோரின் பல வண்ண ஆடைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவ்வேளையில் மிசன் பாடசாலையொன்றின் மாணவியர் ஐரோப்பிய உடையில் வரிசையாக வந்தனர். அவ்வுடை அந்நகருக்குப் பொருந்தாமை அவர் கண்ணை உறுத்தியது. பின்னர்த் தம் மனைவியும் மகளும் தாமும் அணிந்திருந்ததைப் பார்த்தார். அவர்களோடு தெருவில் நிற்கவும் வெட்கினார் என்று தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். காண வந்தவர் தம்மையே கண்ட அருமையான தருணம் அது. உலா சென்றோர் பலருக்கு அது வாய்க்கவில்லை.

வாய்க்காமைக்கு உலாவின் வழியும் ஒரு காரணம். அது பெரும்பாலும் கோட்டையிலிருந்து தெற்கு நோக்கியே சென்றது. வடகிழக்கே, நடந்து செல்லும் தூரத்தில், நகரின் மற்றொரு பாதி இருந்தது. புறக்கோட்டையின் நெருக்கமான தெருக்களிலே செட்டியார் தெருவின் பொற்கடைகளும் கதிரேசன் கோயில்களும், 1909இல் நிறைவெய்திய செவ்வண்ணப் பள்ளிவாசலும், குன்றின்மேல் 1757 முதல் நிற்கும் ஒல்லாந்தத் தேவாலயமும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், அதன் அயலிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லாற் புதுப்பித்த சிவன் கோயிலும் உள்ளன. நால்வகைச் சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்து வணிகம் செய்த அந்நகர்ப்பாதியை, சந்தடி மிகுந்த கடைத்தெரு என்று எட்டிப் பார்த்துச் சென்றோரே அதிகம். இரிக்சாவை இழுத்தவருட் பலர் தென்னிந்தியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர். நகரின் ஒவ்வொரு சந்தும் அவர்கள் காலடிக்குத் தெரியும். ஆயினும் வழி கேட்கவே அவர்களோடு பேசினர். நகரைப் பற்றிக் கேட்டோர் அரியர்.

உலாவிற் பலர் தவறாமற் சென்ற இடம் கறுவாத் தோட்டத்து நூதனசாலை. கிரகரி நிறுவிய அந்த நூதனசாலை 1877 சனவரி 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் உருவை வரைந்தவர் ஸ்மிதர். கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தக்காரர். அங்குள்ள கல்லொன்று இவ்வரலாற்றிலே சிறப்பாகக் கருதத்தக்கது. 1911இற் காலியிலே தெருவோர மதகொன்றை மூடி, எழுத்துப் பக்கம் கீழாகக் கிடந்த கல் அது. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு கொண்டுவரப்பட்டது, 1409ஆம் ஆண்டுக்குரியது. அதிலே மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தபிரானை வணங்குகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயினாரைப் போற்றுகிறது. தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இசுலாத்தைச் சார்ந்தது. ஒவ்வொன்றும் அளித்த பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகளைக் கூறுகிறது.

செங் ஹோ சமாதானமே உருவானவர் அல்லர். இத்தீவிலே போர் புரிந்து, ஆட்சித் தலைவன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றவர் அவர். எனினும் ஒரு செய்தி மறுக்கவியலாதது. கப்பலில் ஏறுமுன்பே, தாம் செல்லும் கரையிலே பலவகை மக்கள் வாழ்கின்றனர் என்பதை அச்சீனர் அறிந்திருந்தனர். அவரவர் தெய்வத்தை மதித்துப் பேசவேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தனர். ஐந்து நூற்றாண்டின் பின், விரைந்த கப்பலில் வழிகாட்டி நூலோடு வந்த பிரயாணிகளுக்கு இலங்கை பெரும்பாலும் ஓர் அழகிய காட்சியாகவே இருந்தது.

கப்பற் பிரயாணிகளுக்கு உதவுவதற்கென்றே 1937இல் அரசாங்கம் உல்லாசப் பயணப் பணியகமொன்றை நிறுவியது. இரண்டாம் உலக யுத்தம் அதன் பணியை நிறுத்தியது. 1948இல் அப்பணி மீண்டும் தொடங்கிற்று. 1954இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை அமைந்ததும் பெருங் கப்பல்கள் கரையணைந்து நிற்கலாயின. ஆயினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஆகாய விமானம் பிரயாணிகளைக் கவர்ந்தது. 1967 முதல் 1975 வரை சுயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. கிழமைதோறும் வந்த பிரயாணிக் கப்பல்கள் அருகி மறைந்தன. துறைமுகம் சரக்குப் பெட்டிகளின் துறையாயிற்று.

இன்று உல்லாசக் கப்பல்கள் மீண்டும் வந்து செல்கின்றன. கரித்தூள் இல்லை, இரிக்சாவுக்குப் பதிலாகப் பேருந்து நிற்கிறது. அளவான நேரமும் வழிகாட்டியின் சொல்லும் மாறவில்லை. நகரை எந்த வழியாகக் கொண்டு செல்வது, எங்கே நிறுத்துவது, யாரைப் பேசவிடுவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். கொம்பனித் தெருவில் ஏரியோடு அடிமைகளின் கதையையும், அலைத்தடுப்பில் பொறியியலாளரோடு கல்லுடைத்த கைதிகளையும் சொல்ல அதிக நேரம் வேண்டியதில்லை. கப்பல் புறப்படும் வேளை எவ்வளவு நெருங்கினும், நூதனசாலையில் அந்த மும்மொழிக் கல்லின் முன் ஐந்து நிமிடம் நிற்க முடியும்.