கெடா வரும் நாள்: பினாங்குக் காற்பந்தும் நம்மவர்களும்

பொன்விழா மலரில் பந்து விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு காரணம் உண்டு. நம் சங்கம் தொடங்கப்பட்ட அதே 1974-ஆம் ஆண்டில்தான் பினாங்கு கடைசியாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. நம் பெரியவர்கள் பலர் அந்த ஆண்டைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். சங்கம் வளர்ந்து ஐம்பதைத் தொட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கிண்ணம்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

இளையவர்களுக்காகச் சில செய்திகள். இந்தக் கிண்ணம் 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அன்பளிப்பாகக் கொடுத்தது. முதலில் மலாயாக் கிண்ணம் என்றிருந்த பெயர், 1967 முதல் மலேசியக் கிண்ணம் ஆனது. பினாங்கு அதை நான்கு முறை வென்றிருக்கிறது. 1953, 1954, 1958 ஆகிய மூன்று முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது சிங்கப்பூர். நான்காவது 1974. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பக்கத்து மாநிலமான பேராக்கை 2-1 என்று வென்றோம்.

அந்த வெற்றி அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு ஊரின் அன்றைய நிலையும் ஒரு காரணம். தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை ஜார்ஜ்டவுன் 1969-இல் இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த கடைகளும் கிட்டங்கிகளும் படுத்துவிட்டன. அதே ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் பட்ட பாட்டை இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது, முப்பது வருடம் இங்கே உழைத்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். எங்கள் அத்தாவின் கார்டும் சிவப்புதான். ரஜூலா கப்பலில் வந்திறங்கி, சூலியா தெருவில் ஒரு கடையில் வேலைக்கு நின்று, பிறகு அதே தெருவில் சிறு கடை போட்டவர் அவர்.

எனக்கு அப்போது பத்து வயது. இறுதி ஆட்டத்தை எதிர்க்கடை ரேடியோவில்தான் கேட்டோம். ஈசா பக்கார், அலி பக்கார் சகோதரர்கள், ஷஹாருடின் அப்துல்லா, நமாட் அப்துல்லா ஆகிய பெயர்கள் எங்களுக்கு மனப்பாடம். ஷஹாருடினும் நமாட்டும் 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு ஆடியவர்கள். நம் தெருவில் நடந்து போகிறவர்கள் ஒலிம்பிக் வரை போய்வந்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

கிண்ணம் வென்றது பேராக்கிடம் என்றாலும், உண்மையான போட்டி கெடாவோடுதான். அதற்கு வேர் பழையது. பினாங்குத் தீவே கெடா சுல்தானுடையது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றினார். தருவதாகச் சொன்ன பாதுகாப்பு வராததால், 1791-இல் சுல்தான் தீவை மீட்கப் பார்த்து முடியாமல் போனது. அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தம் ஆயிற்று. 1800-இல் எதிர்க்கரை நிலமும் சேர்ந்தபோது அது 10,000 ஆனது. இன்றும் கெடாவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை போகிறது. அதனால் கெடா ரசிகர்கள் திடலுக்குள் வரும்போதே, "முதலில் வாடகையைக் கொடு, பிறகு பந்தைத் தொடு" என்று கத்திக்கொண்டு வருவார்கள். "எங்கள் அரிசியைத் தின்றுவிட்டு எங்களையே அடிக்கப் பார்க்கிறாயா?" என்பது அடுத்தது. நம் நாசி கந்தர் கடைகளில் வெந்தது பெரும்பாலும் கெடா அரிசிதான் என்பதால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் பேசுவது ஒரே வடக்கு மலாய். "ஹாங்" என்றும் "டெப்பா" என்றும் ஒரே உச்சரிப்பில்தான் திட்டிக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டால் யார் எந்த ஊர் என்று தெரியாது.

நம்மவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பாதிக் குடும்பம் இங்கே, பாதி அலோர் ஸ்டாரில். என் அம்மாவின் அண்ணன் அலோர் ஸ்டாரில் துணிக்கடை வைத்திருந்தார். கெடா பினாங்கில் ஆடும் நாளில் மாமு காலையிலேயே பட்டர்வொர்த் வந்து ஃபெரி பிடித்துவிடுவார். 1985-இல் பாலம் திறக்கும் வரை தீவுக்கு வர வேறு வழி கிடையாது. பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிடும்வரை மாமுவும் அத்தாவும் குடும்பக் கதை பேசுவார்கள். அஸர் தொழுததும் அத்தா கடையை அடைப்பார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இருக்காது.

எழுபதுகளின் கடைசியில், நான் நான்காம் படிவம் படித்தபோது பார்த்த ஆட்டம் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. சிட்டி ஸ்டேடியத்தின் படிக்கட்டில் உட்கார இடமில்லை. எனக்கு ஒரு பக்கம் அத்தா, மறுபக்கம் மாமு. முன்னால் கச்சாங் பூத்தே கூம்போடு ஒரு சீனப் பெரியவர், பின்னால் துறைமுகத்து மலாய்க்காரர்கள். கெடா முதல் கோல் போட்டது. மாமு எழுந்து நிற்கவில்லை, தொடையை மட்டும் ஒரு தட்டுத் தட்டினார். அத்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் பாதியில் பினாங்கு சமன் செய்தபோது, முன்னால் இருந்த சீனப் பெரியவர் திரும்பி அத்தாவைக் கட்டிப்பிடித்தார். கச்சாங் முழுவதும் என் மடியில்.

கடைசி ஐந்து நிமிடம் பந்து பினாங்கு கோல் பக்கமே நின்றது. ஒரு கார்னர், அதன் பிறகு இன்னொரு கார்னர். அரங்கம் முழுவதும் சத்தம் அடங்கிவிட்டது. அத்தாவின் உதடு ஸலவாத்தை ஓதிக்கொண்டிருந்தது. மாமுவும் ஓதிக்கொண்டிருந்தார். ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில் அடித்தார்கள். 1-1.

திரும்பி நடக்கும்போது மாமு சிரித்துக்கொண்டே கேட்டார்: "மச்சான், நீ கடையநல்லூர்க்காரன். பினாங்கு தோத்தா உனக்கென்ன? இவ்வளவு கோவம் எதுக்கு?" அத்தா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, "ஊர்க்காரன் கோவப்படாம வேற யாரு கோவப்படுவா?" என்றார்.

எங்கள் வீட்டில் அதுவரை "ஊர்" என்றால் கடையநல்லூர்தான். ஊருக்குப் பணம் அனுப்பணும், ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கு, ஊருக்குப் போகணும் என்றுதான் பேச்சு. இந்தத் தீவை அத்தா ஊர் என்று சொல்லி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கையில் சிவப்புக் கார்டுதான் இருந்தது. நீலக் கார்டு கிடைத்தது பல வருடம் கழித்து. ஆனால் டிக்கெட் கவுண்டரில் யாரும் கார்டின் நிறத்தைக் கேட்டதில்லை. ஓர் ஊர்க்காரனாக அவர் கத்துவதற்கு முதலில் இடம் கொடுத்தது அந்தப் படிக்கட்டுதான்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். 1977 இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் சிங்கப்பூரிடம் 3-2 என்று தோற்றோம். 1982, 1998, 2001 ஆண்டுகளில் லீக் பட்டம் வந்தது. கெடா 1990-இலும் 1993-இலும் மலேசியக் கிண்ணத்தை வென்று நம்மைச் சீண்டியது. 1990-இல் மாமு ட்ரங்க் கால் போட்டார். அத்தா எடுக்கவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டு முபாரக் சொன்னார். இருவரும் இன்று இல்லை. அல்லாஹ் அவர்கள் பிழை பொறுப்பானாக.

இப்போது என் பேரப்பிள்ளைகள் லிவர்பூல், மான்செஸ்டர் என்று விடிய விடிய பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை கெடா வரும்போது என்னோடு சிட்டி ஸ்டேடியத்துக்கு ஒரு தடவை வாருங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, எந்த ஆட்டத்துக்குப் போனார்கள், யாரோடு போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய டிக்கெட்டோ படமோ வீட்டில் இருந்தால் சங்கத்தில் கொடுங்கள். நம் குடும்பங்கள் இந்த ஊரில் எப்படி வேரூன்றின என்பதற்குக் கடைப் பத்திரமும் பள்ளிவாசல் பதிவும் சாட்சி. அந்த டிக்கெட் துண்டும் சாட்சிதான்.