குறுந்தங்கல் முறையும் படைப்பிலக்கியக் கல்வியும்

முன்னுரை

கவிதையும் சிறுகதையும் நாவலும் எழுதப் பயிற்றும் முதுநிலைப் படிப்புகள் அமெரிக்க நாட்டில் பல உள. அவற்றுள் ஒருவகை, மாணவரை ஆண்டு முழுதும் கல்லூரியில் இருத்தாது, அரையாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பத்து நாள் மட்டும் அழைத்து, எஞ்சிய காலமெல்லாம் மடல்வழிக் கற்பிப்பதாகும். இதனைக் குறுந்தங்கல் முறை என ஈண்டு வழங்குவாம். இது முழுத்தங்கற் கல்வியின் குறைவடிவமே என்பாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதனை அதன் வரலாறு கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழுத்தங்கற் கல்வி

அயோவாப் பல்கலைக்கழகம் 1922இல் படைப்பிலக்கியத்தையும் முதுநிலைப் பட்டத்திற்குரிய ஏடாக ஏற்க இசைந்தது. 1936இல் வில்பர் சிராம் தலைமையில் அங்கு எழுத்தாளர் பட்டறை தோன்றிற்று. ஒருவர் எழுதியதனைப் பலரும் கூடியிருந்து வாய்மொழியால் ஆராயும் அம்முறை நாளடைவில் நாடெங்கும் பரவிற்று. ஆயின், அதனைப் பெற விழைவார் ஈராண்டு அவ்வூரில் தங்குதல் வேண்டும். தொழிலை விடுதற்கியலாதார்க்கும், மகவு வளர்க்கும் மகளிர்க்கும் அவ்வாயிலுள் நுழைதல் அரிதாயிற்று.

கோடார்டில் தோற்றம்

வெர்மான்ட் மாநிலத்துப் பிளெயின்ஃபீல்டு என்னும் ஊரில் 1938இல் கோடார்டு கல்லூரி அமைந்தது. அதன் முதல் தலைவர் ராய்சு பிட்கின், சான் டூயியின் கல்விக் கொள்கையில் ஈடுபாடுடையவர். அங்கு 1963இல், வயதுவந்தோர் குறுகிய காலம் கல்லூரியில் தங்கிப் பின்னர்த் தம் இல்லத்திலிருந்தே கற்றுப் பட்டம் பெறும் திட்டம் தொடங்கிற்று. இவ்வமைப்பினைப் படைப்பிலக்கிய முதுநிலைக் கல்விக்குப் பொருத்தியவர் எலன் பிரையன்ட் வாய்ட் என்னும் பெண்பாற் கவிஞர். ஆண்டு 1976. பிற்காலத்தே, 2020இல், நோபல் பரிசு பெற்ற லூயிசு குளூக்கும், சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரும் அங்குக் கற்பித்தோருள் அடங்குவர். மேரி கார், மார்க் டோட்டி ஆகியோர் அங்குப் பயின்றோராவர்.

1981இல் இத்திட்டம் வட கரோலினாவிலுள்ள வாரன் வில்சன் கல்லூரிக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் மான்ட்பீலியர் நகரத்து வெர்மான்ட் கல்லூரியிலும் இத்தகைய படிப்பொன்று தோன்றிற்று. 1994இல் பென்னிங்டன் கல்லூரியும் இந்நெறியை மேற்கொண்டது. பின்னர் இது பிற மாநிலங்களிலும் பரவியது.

மடல்வழிக் கற்பித்தல்

வாரன் வில்சன் முறையில், மாணவர் மூன்று வாரத்திற்கு ஒருமுறை தாம் புதிதாக எழுதியவற்றையும், திருத்தியவற்றையும், பயின்ற நூல்கள் பற்றிய குறிப்புரைகளையும் ஆசிரியருக்கு விடுப்பர். ஆசிரியர் விரிவான மடலால் விடையிறுப்பர். ஓர் ஆசிரியர்க்கு மாணவர் மூவர் அல்லது நால்வரே ஆதலின், இஃது இயல்வதாயிற்று.

ஈண்டு மூன்று செய்திகள் கருதற்பாலன. முதலாவது, வாய்மொழித் திறனாய்வு கேட்ட அளவில் மறைந்துவிடும். மடலோ மீண்டும் மீண்டும் படித்தற்குரியது. இரண்டாவது, ஆசிரியர் தம் கருத்தை எழுதியே விளக்க வேண்டியிருத்தலின், தாம் கற்பிக்கும் கலையையே அவரும் கையாளுகின்றார். மூன்றாவது, மாணவர் தம் தொழிலுக்கும் இல்லறக் கடமைக்கும் இடையே எழுதும் நேரத்தைத் தாமே தேடிக்கொள்கின்றனர். பட்டம் பெற்ற பின்னரும் அவர்தம் வாழ்வு அத்தகையதே. ஆதலின் அப்பழக்கம் நிலைபெற வழியுண்டு. இம்மூன்றும் தங்கும் நாள் குறைந்ததனால் நேர்ந்த இழப்புகள் அல்ல. அக்குறைவினாலேயே வாய்த்த பயன்கள்.

குறையும் உண்டு. முழுத்தங்கற் கல்வியில் மாணவர் பலர் கீழ்வகுப்புகட்குக் கற்பித்து ஊதியமும் கட்டண விலக்கும் பெறுவர். குறுந்தங்கல் மாணவர்க்கு அவ்வாய்ப்புப் பெரும்பாலும் இல்லை. ஊரைவிட்டு வர இயலாதார்க்குத் திறந்த கதவு, பொருளில்லார்க்கு முற்றும் திறக்கவில்லை எனல் வேண்டும்.

முடிவுரை

கோடார்டு கல்லூரி 2024இல் மூடப்பட்டது. அஞ்சலின் இடத்தை மின்னஞ்சல் பெற்றது. எனினும், அங்குத் தோன்றிய கற்பிக்கும் நெறி பிற கல்லூரிகளில் இன்றும் வழங்குகின்றது. எனவே, குறுந்தங்கல் முறையை முழுத்தங்கலின் சுருக்கமாகக் கொள்ளாது, எழுத்தாலேயே எழுத்தைக் கற்பிக்கும் தனி முறையாகக் கொள்ளுதலே அதன் வரலாற்றுக்குப் பொருந்துவதாம்.