ரெஜினால்ட் ஹீபர்

ரெஜினால்ட் ஹீபர் (ஏப்ரல் 21, 1783 - ஏப்ரல் 3, 1826) ஆங்கிலக் கவிஞரும் கல்கத்தாவின் இரண்டாவது ஆங்கிலிக்கன் ஆயரும் ஆவார். ஆங்கிலக் கிறிஸ்துமஸ் காலப் பாடல்களில் ஒன்றை இயற்றிய இவர் திருச்சிராப்பள்ளியில் இறந்தார்.

பாமாலைகள்

ஹீபர் தம் பாமாலைகளில் பெரும்பாலானவற்றை இங்கிலாந்தின் ஹாட்னெட் என்னும் ஊரில் குருவாக இருந்தபோது எழுதினார். அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை வழிபாட்டில் விவிலியச் சங்கீதங்களுக்கே முதலிடம். புதிதாக இயற்றப்பட்ட பாடல்களைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய பாடல்களைத் தொகுத்து ஒப்புதல் பெற ஹீபர் முயன்றார், அது கிடைக்கவில்லை. தொகுப்பு அவரது மறைவுக்குப் பின் 1827ல் வெளிவந்தது.

சனவரி 6 திருக்காட்சித் திருநாளுக்குரிய 'பிரைட்டஸ்ட் அண்ட் பெஸ்ட்' 1811ல் இதழொன்றில் வெளியானது. கீழ்த்திசை விண்மீனை விளித்துப் பாடுவதால் இது விண்மீன் வழிபாடு என்றும், சந்தம் நடனத்துக்கே ஏற்றது என்றும் சிலர் குறை கூறினர். எனினும் பாடல் நிலைத்துவிட்டது. 1819ல் எழுதிய மறைபரப்புப் பாடலின் கதை வேறு. அதில் இலங்கை மக்களை இழித்துரைக்கும் வரியை மகாத்மா காந்தி கண்டித்தார், அக்கண்டனம் நியாயமானதே.

மறைவு

1826 உயிர்ப்பு ஞாயிறைத் தஞ்சாவூரில் கொண்டாடிய ஹீபர், பின்னர் திருச்சிராப்பள்ளி வந்தார். ஏப்ரல் 3 காலை கோட்டைப் பகுதித் தேவாலயத்தில் தமிழ்க் கிறித்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கித் திரும்பியவர், வெப்பம் தணியக் குளியல் தொட்டியில் இறங்கியபோது உயிரிழந்தார். அகவை 42. அவரது உடல் திருச்சி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நகரின் பிஷப் ஹீபர் கல்லூரி இவர் பெயரைத் தாங்கியுள்ளது.