அறுவைக்குப் பின் ஒரு நிழற்படம்

செஞ்சியை அடுத்த வல்லத்தில் ஒருவர் நுரையீரல் புற்றுநோய்க்கான அறுவை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி அவர் மார்பைப் படமெடுத்துப் பார்க்கப் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ அடிக்கடி போய்வர வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. அந்தப் படம் அவருக்கு என்ன தருகிறது?

1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், 48 வயதான மருத்துவர் ஒருவரின் இடது நுரையீரலை முழுவதுமாக அகற்றினார். காலியாகும் இடத்திற்கு அஞ்சி ஏழு விலா எலும்புகளையும் எடுத்தார். அந்த நோயாளி முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப்பழக்கம் கொண்டிருந்த கிரஹாமோ 1957இல் அதே நோயால் இறந்தார்!

விலா எலும்புகளை எடுப்பது வழக்கமாகத் தேவையில்லை என்பது பின்னர் தெரிந்தது. அந்த இடம் தானே நிரம்பிவிடுகிறது. காற்று எக்ஸ் கதிர்களை அதிகம் தடுப்பதில்லை. படத்தில் கறுப்பாகத் தெரியும். நீர் தடுக்கும், வெண்மையாகத் தெரியும். அறுவை முடிந்தவுடன் எடுத்த படத்தில் அந்தப் பக்கம் கறுப்பு. அடுத்தடுத்த படங்களில், குவளையில் நீர் ஏறுவதுபோல வெண்மை மேலேறும். சில மாதங்களில் அந்தப் பக்கம் முழுதும் வெளுத்து, மூச்சுக்குழலும் இதயமும் அங்கே சாய்ந்துவிடும். சாய்ந்தவை பின்னொரு நாள் மறுபக்கம் தள்ளப்பட்டால் மருத்துவர் விழித்துக்கொள்வார். நோய் திரும்பியிருக்கலாம், சீழும் கட்டியிருக்கலாம்.

ஆனால் இது வெறும் நிழல். சிறு கட்டியின் நிழல் இதய நிழலுக்குள் மறைந்துவிடும். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி லண்டனில் ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. பின்னர் மார்புக்கும் வந்த அம்முறை, உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டுகிறது. கதிர்வீச்சு அளவோ சாதாரணப் படத்தைவிடப் பல பத்து மடங்கு.

கூடுதலாகப் பார்த்தால் ஆயுள் கூடுமா? பிரான்சில் 1775 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண மார்புப் படம்; மற்றதற்குச் சி.டி.யும் சேர்த்து. 2022இல் வெளியான முடிவு: வாழ்நாளில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆயினும் புதிதாகத் தோன்றும் இரண்டாவது புற்றையும் சிறிதாக இருக்கையிலேயே பிடிக்கலாம் என்பதால் மருத்துவர்கள் சி.டி.யைக் கைவிடவில்லை. என் எண்ணத்தில் அதுவும் நியாயமே.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆறிய காசநோயின் தழும்பும் படத்தில் கட்டிபோலத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் மாறாதது பெரும்பாலும் தழும்பு; வளர்வது சந்தேகத்திற்குரியது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தானே இது தெரியும்? ஆகவே வல்லத்து நண்பர் ஊருக்குப் புறப்படுகையில், பரணில் கிடக்கும் பழைய படங்களையும் பையில் எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.