அடல் ஓய்வூதியத் திட்டம்: அரசு இணைப்பங்களிப்பும் வரியும்

அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2015இல் தொடங்கிய திட்டம். 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை ஓய்வூதியம் தரும். கணக்கைத் தொடக்கத்திலேயே திறந்தோருக்கு 2015-16 முதல் ஐந்தாண்டுகள், செலுத்திய தொகையில் பாதியை, ஆண்டுக்கு 1,000 ரூபாய் உச்சவரம்புடன், மத்திய அரசு வழங்கியது.

திருவண்ணாமலை மாட வீதிகளில் பூ விற்கும் 18 வயதுப் பெண் மாதம் 42 ரூபாய் கட்டியிருந்தால், ஆண்டுக்கு 504; அரசின் பங்கு 252.

வருமான வரி செலுத்துவோருக்கும் வருங்கால வைப்புநிதி போன்ற சட்டப்பூர்வப் பாதுகாப்பில் இருந்தோருக்கும் இந்தப் பங்கு கிடையாது. ஆகவே அதன்மீது வரி என்ற கேள்வி பெரும்பாலும் எழவில்லை. முதிர்வில் வரும் ஓய்வூதியமோ வருமானமாகவே கணக்கிடப்படும். 60 வயதுக்குமுன் தாமாக விலகினால் அரசின் பங்கு கிடைக்காது. உழைத்துச் சேர்ப்போர் சேரும்போதே அறிந்திருக்க வேண்டிய விதி இது. 2022 அக்டோபர் 1 முதல் வரி செலுத்துவோர் புதிதாகச் சேர இயலாது.