தோரியனைட்

தோரியனைட் என்பது தோரியம் ஒக்சைட்டைப் பெரும்பங்காகக் கொண்ட, யுரேனியமும் கலந்த, கதிரியக்கமுள்ள கறுப்புக் கனிமம். இது 1904ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மலைமுகட்டில் ஏறி, தெற்கே இறங்கினால் வரும் பலாங்கொடைப் பக்கத்து ஓடைகளில் கிடைத்தது.

இரத்தினக்கல் அகழ்வோர் ‘இல்லம’ எனப்படும் சரளைமண்ணைக் கூடையிலிட்டு, நீரில் சுழற்றி அரிப்பார்கள். களியும் மணலும் கழிந்தபின் அடியில் கனத்த கருமணல் தங்கும். தோரியனைட் அதில்தான் இருந்தது: பெரும்பாலும் மிளகைவிடச் சிறிய, விளிம்பு மழுங்கிய கனசதுரங்கள். சாதாரண படிகக்கல்லின் ஒப்படர்த்தி 2.65, இதற்கு 9க்கும் மேல். மாணிக்கம் தேடியவர்களுக்கு அது வெறும் கழிவு.

அப்போது இலங்கைக் கனிமவியல் அளவைக்குத் தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகவே இன்று அறியப்படும் அவர் புவிச்சரிதவியல் பயின்றவர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இலண்டனுக்குப் போன மாதிரிகளை இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டின் விண்டம் டன்ஸ்டன் பகுப்பாய்ந்து, கனிமத்துக்குப் பெயர் வைத்தார். மறு ஆண்டே, வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்த இளைஞர் ஓட்டோ ஹான், அதில் ‘ரேடியோதோரியம்’ என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டார். பின்னாளில் அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவர் இவரே.

சந்தைக்குத் தோரியம் தேவைப்பட்டது விளக்குக்காக. பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டில் அக்காலத்தில் சுமார் 99 சதவீதம் தோரியம் ஒக்சைட், 1 சதவீதம் சீரியம் ஒக்சைட். ஆனால் தோரியனைட் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு திட்டுகளாகவே கிடைத்தது. பிரேசிலின் கடற்கரையில் கிடைத்த மொனசைட் என்ற தோரியக் கனிமத்தோடும், 1909இல் தென்னிந்தியாவின் மணவாளக்குறிச்சியில் ஜெர்மன் இரசாயனவியலாளர் ஷோம்பர்க் கண்ட மொனசைட்டோடும் அதனால் போட்டியிட முடியவில்லை. பின்னர் மின்விளக்கு வந்து மென்டிலின் காலத்தையே முடித்துவைத்தது.

இதற்குப்பின் நடந்தது விசித்திரமானது. மொனசைட்டில் தோரியத்தோடு சீரியம், லந்தனம், நியோடைமியம் போன்ற அருமண் உலோகங்களும் உண்டு. அன்று தோரியத்தை எடுத்தபின் அவை தேங்கிக் கிடந்தன. சீரியக் கலவையைச் சிகரட் லைட்டர் கல்லாக்கி விற்றார்கள். இன்று மின்கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தத்துக்கு நியோடைமியம்தான் தேவை. தோரியமோ கதிரியக்கக் கழிவாக, பாதுகாத்து வைக்கவேண்டிய சுமையாகிவிட்டது.

இலங்கையில் தோரியனைட், மொனசைட் ஆகியவற்றின் பிறப்பிடம் மலைநாட்டுப் பாறைகள். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் சார்னொக்கைட்டும் நைஸும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. தென்னிந்தியாவின் தென்முனைப் பாறைகளும் இவற்றின் உறவுதான். ஆனால் பாறையில் சிதறிக் கிடப்பது தாதுவாகாது. மழை அதை உடைக்க வேண்டும், ஆறு அரிக்க வேண்டும், அலை பிரித்துச் சேர்க்க வேண்டும். நானுஓயாவில் பெய்யும் மழை கொத்மலை ஓயா வழியே மகாவலியாகித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதற்கு வடக்கே உள்ள புல்மோட்டைக் கருமணலில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். ரூட்டைலும் சர்க்கோனும் அடுத்து வருகின்றன. மொனசைட் 1 சதவீதத்துக்கும் குறைவு. மேற்குக் கரையில் பேருவளைப் பக்கத்து மணலிலும் மொனசைட் உண்டு.

எனவே தேயிலைத் தோட்டங்களுக்கு அடியில் அருமண் சுரங்கத்தைத் தேடுவதில் பொருளில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துக் கெசல்கமு ஓயாக் கரையில் நடக்கும் அகழ்வு இரத்தினக்கல்லுக்கானது. மணல் கையில் இருந்தாலும் போதாது. உலோகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் இரசாயன ஆலையே விலையைத் தீர்மானிக்கிறது. அந்த ஆலைகளில் பெரும்பாலானவை இன்று சீனாவில் உள்ளன. 2025 ஏப்ரலில் சீனா, காந்தத்தில் சேர்க்கப்படும் டிஸ்புரோசியம், டெர்பியம் உட்பட 7 அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியதும், வெளிநாட்டுக் கார் ஆலைகள் காந்தத்துக்குத் தட்டுப்பாடு என்று முறையிடத் தொடங்கின.